தோல்வி முதற்படியா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், உயர்தர வகுப்பு மாணவிகளும் பெற்றோரும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



விழாக்குழுவினர் தந்த தலைப்பு 'தோல்வியே வெற்றிக்கு முதற்படி' என்பது. எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போன சிலர் தொலைபேசியில் கூடி, என்ன சொல்வது என்று இரண்டு மூன்று இரவுகள் கதைத்தோம். மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் பேச்சு எல்லோருடையதும். ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பில் இதே கட்டடத்தில் இருந்து நாங்கள் கட்டுரை எழுதியிருக்கிறோம். எட்டாம் வகுப்பாக இருக்க வேண்டும். எடிசன் வருவார், லிங்கன் வருவார், புரூஸ் மன்னனின் சிலந்தி கட்டாயம் வரும். சிலந்தி ஆறு தரம் விழுந்து ஏழாந்தரம் ஏறிவிடும், எங்களுக்கும் இருபதுக்குப் பதினைந்து கிடைத்துவிடும். ஆனால் வைத்தியசாலை விடுதிகளில் இத்தனை ஆண்டுகள் நின்ற பிறகு அந்தக் கட்டுரையை அப்படியே திருப்பி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. தோற்றவர்கள் எல்லோரும் வென்றதில்லை. வென்றவர்களின் கதையைத்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள். தோல்வி தானாகப் படியாகாது. அதைப் படியாக்குவதற்கு வேறு பல காரியங்கள் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரியங்கள் எவை என்பதைப் பற்றித்தான் இன்று கதைக்க விரும்புகிறோம்.

முதலில், இங்கே 'தோல்வி' என்று எதைச் சொல்கிறோம்? உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளையைப் பார்த்து "பிள்ளைக்குச் சரிவரேல்லையாம்" என்று சொல்லும் ஊர் எங்களுடையது. சரிவராதது எது? பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடங்கள் பங்கிடப்படுகின்றன. மருத்துவபீடத்துக்கு இத்தனை இடம் என்று முன்னரே முடிவாகிவிடும். இசட் புள்ளி தசமத்தின் பின் நான்கு இலக்கம் வரை போகும். அந்த நாலாவது இலக்கத்தில் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்பாள், அவளோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளை கீழே நிற்பாள். மேலே நிற்பவள் கெட்டிக்காரி, கீழே நிற்பவள் தோற்றவள் என்று நாங்கள் பெயர் வைத்துவிடுகிறோம். பரீட்சையில் சித்தியடையாமற் போவது ஒன்று. இடம் போதாமல் தெரிவுசெய்யப்படாமற் போவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதே பாதிக் கேடு.

எங்கள் காலத்தில் இசட் புள்ளி இல்லை. அது 2001இல் வந்தது. எங்களுக்குப் பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் என்று நான்கு பாடம், நானூறுக்கு மொத்தப் புள்ளி. சாதாரண தர வகுப்பில் இருக்கையில் 1995 ஒக்ரோபர் 30 வந்தது. அன்றைய இடப்பெயர்வைப் பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதுவார்கள், நாங்கள் விட்டுவிடுகிறோம். திரும்பி வந்து உயர்தரம் படித்தோம், எழுதினோம். இன்று வைத்தியர்களாக இருக்கும் எங்களில் முதற்தரத்திலேயே இடம் கிடைத்தவர்கள் குறைவு. மற்றவர்கள் 'செக்கன்ட் ஷை'. மூன்றாந்தரம் எழுதியவர்களும் உண்டு. மூன்று தரத்துக்கு மேல் எழுத முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாந்தரம் படிக்கும் அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சீருடை இல்லை. பாடசாலை இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'தனியார் பரீட்சார்த்தி'. காலையில் ரியூட்டரி, பின்னேரம் வீடு. சைக்கிளில் போகும்போது சந்திக் கடையில் நிற்கும் மாமாவிலிருந்து கோயில் வீதியில் சந்திக்கும் மாமி வரை ஒரே கேள்வி: "என்ன பிள்ளை, இந்த முறையும் எடுக்கிறியோ?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. வேறு கதை இல்லாததால் கேட்கிறார்கள். ஆனால் நாங்கள் அந்த ஆண்டு முழுவதும் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. எங்களில் ஒருத்தி சொந்தத் தமக்கையின் கலியாண வீட்டில் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

இனி நியூயோர்க் நகரத்துக்குப் போவோம். தூரமாகத் தெரியும், ஆனால் அவ்வளவு தூரமில்லை. இங்கிருக்கும் பிள்ளைகளின் அம்மப்பாவோ அப்பப்பாவோ கால் பெருவிரல் வீங்கி, கௌட் என்று கிளினிக்கில் எழுதி, அலோபியூரினோல் குளிசை எடுப்பவராக இருக்கலாம். அக்கி வந்தவருக்கு அசைக்குளோவிர் கொடுக்கிறோம். லூபஸ் நோயோடு எங்கள் கிளினிக்குக்கு வரும் இளம் பெண்களுக்கு அசதயோப்பிரின் எழுதுகிறோம். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் மாதக்கணக்காக மேர்கப்டோபியூரின் எடுக்கிறார்கள். இந்த நான்கு மருந்துகளின் பின்னாலும் ஒரே பெண் நிற்கிறார். பெயர் கேர்ட்ரூட் எலியன். மருத்துவபீடத்தில் மருந்தியல் படித்தபோது மருந்துகளைப் பாடமாக்கினோம், அவருடைய பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு நாங்களாகத்தான் வாசித்து அறிந்தோம்.

எலியன் 1918இல் பிறந்தவர். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், தகப்பன் பல் வைத்தியர். 1929இல் பங்குச்சந்தை விழுந்தபோது அந்தக் குடும்பத்தின் பணமும் போய்விட்டது. பதினைந்து வயதில் பாடசாலை முடித்தார். அந்த நாட்களில் அவருக்கு மிகவும் பிரியமான பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். இந்த நோய்க்கு மருந்து தேட வேண்டும் என்று அந்தப் பிள்ளை அப்போதே தீர்மானித்துவிட்டது. ஹன்டர் கல்லூரியில் பெண்களுக்குக் கட்டணமில்லை, புள்ளி இருந்தால் போதும். கட்டணம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் நாட்டில் இலவசக் கல்வியை வாயாரத் திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1937இல், பத்தொன்பது வயதில், இரசாயனவியலில் மிக உயர்ந்த சித்தியோடு பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டுப் பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பித்தார். பதினைந்தும் இல்லை என்றன. ஆய்வுகூட வேலை ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனார். தகைமை எல்லாம் சரி, ஆனால் ஒரு பெண் ஆய்வுகூடத்தில் நின்றால் ஆண்களின் கவனம் கலைந்துவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எலியனிடம் குறைந்த புள்ளி என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் இவரை இன்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு நடந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் 'விடாமுயற்சி' என்ற ஒரு சொல்லில் இவற்றை மூடிவிடுவதுதான் வழக்கம். முதலில் செயலாளர் வேலைக்குப் பயிற்சி தரும் பாடசாலை ஒன்றில் சேர்ந்தார். ஆறு கிழமை. அதற்குள் தாதிய மாணவிகளுக்கு உயிர் இரசாயனவியல் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. அதுவும் மூன்று மாதத்துக்குத்தான். அதன்பிறகு ஓர் இரசாயனவியலாளரைச் சந்தித்து, சம்பளம் வேண்டாம், ஆய்வுகூடத்தில் நிற்க விட்டால் போதும் என்று கேட்டுச் சேர்ந்தார். கொஞ்சக் காலத்தில் அவர் கிழமைக்குப் பன்னிரண்டு டொலர் கொடுக்கத் தொடங்கினார், ஒன்றரை ஆண்டு முடிவில் அது இருபதாயிற்று. அதில் மிச்சம் பிடித்து, பெற்றோரும் கொஞ்சம் கொடுக்க, 1939இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பகலில் பாடசாலைகளில் பதில் ஆசிரியை வேலை. இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு. 1941இல் பட்டம் முடிந்தது.

அதே 1941இல் அவர் திருமணம் செய்யவிருந்தவர் இருதயத்தின் உட்சுவரில் கிருமி தொற்றி இறந்துபோனார். பெனிசிலின் பொதுப் பாவனைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் இருந்தன. இன்று அந்த நோயோடு ஒருவர் எங்கள் விடுதிக்கு வந்தால் நான்கு முதல் ஆறு கிழமை ஊசி மருந்து போட்டு, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புகிறோம். எலியன் அதன்பின் திருமணம் செய்யவில்லை.

முதுமாணிப் பட்டத்தோடு கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஓர் உணவுக் கம்பனியில் தரக்கட்டுப்பாடு. ஊறுகாயின் புளிப்பை அளப்பது, மயோனைசுக்குப் போகும் முட்டை மஞ்சட் கருவின் நிறம் சரியா என்று பார்ப்பது, வனிலாக் காய் புதிதா என்று சோதிப்பது. கருவிகளைக் கையாளப் பழகும்வரை அங்கே நின்றார். கற்க வேறொன்றும் இல்லை என்று கண்டதும் விட்டுவிட்டு வேறிடம் தேடினார். எங்களுக்கு இந்த இடம் பிடிக்கும். கிடைத்த வேலையைக் கேவலமாகவும் நினைக்கவில்லை, அதுவே போதும் என்றும் இருந்துவிடவில்லை.

1944இல் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். தகப்பனுடைய பல் வைத்தியசாலைக்கு வந்த நோமாத்திரைப் போத்தலில் அந்தக் கம்பனியின் பெயர் இருந்தது. அங்கே ஒருக்கால் கேட்டுப் பாரேன் என்று தகப்பன் சொன்னார். ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவர் அவரை வேலைக்கு எடுத்தார்.

இங்கே நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பதினைந்து இடங்கள் மறுத்த ஒருவரை ஏழு ஆண்டுகளின் பின் ஓர் ஆய்வுகூடம் ஏன் எடுத்தது? எலியன் அதற்குள் கெட்டிக்காரி ஆகிவிட்டதாலா? அவர் 1937இலும் கெட்டிக்காரிதான். நடந்தது என்னவென்றால் உலக யுத்தம். ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள், ஆய்வுகூடங்களில் ஆள் இல்லை, கதவு திறந்தது. இதை அவரே பின்னர் ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர், அந்தப் பதினைந்து மறுப்பும் அவரைப் புடம்போட்டன என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது ஏற்கவில்லை. ஊறுகாய்ப் புளிப்பு அளந்த காலத்தில் அவர் மருந்து செய்திருக்கலாம். மறுத்தவர்களைப் புகழத் தேவையில்லை. புகழ வேண்டியது, கதவு திறந்த நாளில் அவர் கைவிட்டுப் போய்விடாமல், படிப்போடும் பழகிய கையோடும் வாசலில் நின்றாரே, அதைத்தான். அப்படி நிற்பதற்கு வீட்டார் காசும் உதவினார்கள், சொல்லும் உதவினார்கள். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுப்பு அத்தோடு முடியவில்லை. பகலில் வேலை, இரவில் புகைவண்டி ஏறிப்போய் புரூக்ளினில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பு. இரண்டு ஆண்டுகள் ஆனபின், முழுநேரமாகப் படிக்க வராவிட்டால் தொடர முடியாது என்று அங்குள்ள பீடாதிபதி சொல்லிவிட்டார். எலியன் வேலையை விடவில்லை, பட்டத்தை விட்டார். கலாநிதிப் பட்டம் இல்லாமலே கடைசிவரை ஆய்வு செய்தார். பின்னாளில் அதே நிறுவனம் உட்படப் பல பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்தன. அவற்றில் சில 1988இல் நோபல் பரிசு கிடைப்பதற்கு முன்னரே வந்தவை.

அவர் செய்தது என்ன என்பதை விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு கலம் பிரிய வேண்டுமானால் டீ.என்.ஏ. கட்ட வேண்டும். அதற்குப் பியூரின் என்ற பொருள் வேண்டும். சுவர் கட்டச் சீமெந்துக் கல் வேண்டும் என்பது போல. எலியனும் ஹிச்சிங்சும் பார்வைக்குப் பியூரின் போலவே இருக்கும் பொய்க் கற்களைச் செய்தார்கள். கலம் அதை நம்பி எடுத்து வைக்கும், அதன்மேல் அடுத்த கல் பிடிக்காது, வேலை நின்றுவிடும். வேகமாகப் பிரியும் புற்றுநோய்க் கலம்தான் முதலில் அகப்படும். இப்படி வந்ததுதான் மேர்கப்டோபியூரின். அமெரிக்க அரசு 1953இல் அதற்கு அனுமதி கொடுத்தது.

அக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நான்கு மாதங்களில் இறந்துபோவார்கள். இந்த மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடினார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு நோய் திரும்பி வந்தது. மூன்று மாத ஆயுள் ஓராண்டளவுக்கு நீண்டது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறந்த செய்தி ஆய்வுகூடத்துக்கு வந்தபோது எலியன் எப்படி இருந்திருப்பார் என்பதைப் பிள்ளைகள் விடுதியில் வேலை செய்யும் எங்களால் ஊகிக்க முடிகிறது. எங்களைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் உண்மையான தோல்வி இதுதான். பதினைந்து மறுப்பும் பிறர் செய்தவை. இது அவருடைய மருந்து, அவருடைய கணக்கு. அவர் செய்தது, மருந்து உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று மேலும் சில ஆண்டுகள் தேடியது. அந்தத் தேடலில்தான் அசதயோப்பிரின் வந்தது. 1962இல் பொஸ்டனில், உறவினர் அல்லாத ஒருவருடைய சிறுநீரகம் இன்னொருவர் உடம்பில் நின்று பிடித்தது அதனால்தான். அதே வழியில் அலோபியூரினோலும் வந்தது. மேர்கப்டோபியூரினை மற்றவர்கள் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் அந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். அந்தச் சிகிச்சையில் இன்றும் அந்தக் குளிசை இருக்கிறது.

எலியனை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், இது வெளிநாட்டுக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் மண்ணுக்கு வந்து மறுக்கப்பட்ட ஒரு வைத்தியரும் இருக்கிறார். மேரி இரட்ணம். கனடாவில் 1873இல் பிறந்து, டொரன்டோவில் மருத்துவம் படித்தவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் பெண்கள் வைத்தியப் பணிக்கென 1896இல் கப்பலேறி வந்தார். வரும் வழியில் நியூயோர்க்கில், அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழரைத் திருமணம் செய்திருந்தார். இங்கு வந்து சேர்ந்ததும் மிஷன் அவரை ஏற்கவில்லை. வெள்ளைக்கார வைத்தியர் ஒரு சுதேசியின் மனைவியாக இருப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. பெண் வைத்தியர் இல்லாமல் பெண்கள் இறந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், வந்த வைத்தியரைத் திருப்பிவிட்டார்கள்.

அவர் கனடாவுக்குத் திரும்பவில்லை. கொழும்பில் பெண்கள் வைத்தியசாலையில் கொஞ்சக் காலம் வேலை செய்து, பின்பு தனியாக வைத்தியம் பார்த்தார். வருத்தம் வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு, பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார், பெண்கள் சங்கங்களைத் தொடங்கினார். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் முன்னின்றார். 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் அவர்தான். 1958இல் மகசேசே விருது கிடைத்தபோது வயது 85. மிஷன் அன்று ஏற்றிருந்தால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நல்ல பிரசவ வைத்தியர் கிடைத்திருப்பார். ஏற்காததால் நாட்டுக்கு வேறொன்று கிடைத்தது. இதையும் மறுத்தவர்களின் கணக்கில் வரவு வைக்க நாங்கள் தயாரில்லை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பிரசவத்தில் இறந்த பெண்களை யார் கணக்கெடுத்தார்கள்?

ஒரு சிறு இடைச்செருகல். பிரசவ அறையில் பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் பத்துக்கு ஒரு புள்ளி போடுவோம். அப்கார் புள்ளி. நீங்கள் எல்லோரும் வாழ்க்கையில் எடுத்த முதற் பரீட்சைப் புள்ளி அதுதான். அதை 1952இல் வகுத்த வேர்ஜினியா அப்கார் சத்திரசிகிச்சை நிபுணராக வர விரும்பியவர். பெண்ணுக்கு அதில் எதிர்காலம் இல்லை என்று அவருடைய பேராசிரியரே சொல்லி, மயக்க மருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டார். ஒரு நிமிடத்தில் நாலு எடுத்த பிள்ளை ஐந்தாம் நிமிடத்தில் ஒன்பது எடுப்பதை நாங்கள் கிழமைக்குக் கிழமை காண்கிறோம். ஆனால் ஒரு விடயம்: நாலு எடுத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதில்லை. துடைத்து, சூடாக்கி, மூச்சுக் கொடுக்கிறோம்.

வைத்தியர்களாகிவிட்டால் பரீட்சைக் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நிபுணத்துவப் பயிற்சிக்குக் கொழும்பில் எழுதும் எம்.டி. முதற்பகுதிப் பரீட்சையில் எங்களில் அநேகர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திரும்பி வந்திருக்கிறோம். முப்பது வயதில், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் போய் எழுதி, பெயர்ப்பட்டியலில் இலக்கம் இல்லை என்று கண்டு, அடுத்த நாட் காலை வழமைபோல விடுதிப் பார்வைக்கு நின்றிருக்கிறோம். ஆனால் பதினெட்டு வயதில் வந்ததைவிட அது தாங்கக்கூடியதாக இருந்தது. காரணம் எங்களுக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, நோயாளிகள் 'டொக்டர்' என்று கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெறுபேற்றைத் தவிர வேறொரு பெயரும் நாங்கள் கொடுத்து வைக்கவில்லை.

இதைச் சொல்லாமல் போக முடியாது, அதனால் சொல்கிறோம். பெறுபேறு வரும் கிழமைகளில், தங்களுக்குத் தாங்களே கேடு செய்துகொண்ட பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். எல்லோரையும் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. காப்பாற்றிய பிள்ளைகளோடு பிறகு கதைக்கும்போது, புள்ளி குறைந்ததைப் பற்றி அவர்கள் அதிகம் கதைப்பதில்லை. "அப்பா என்னோடை கதைக்கேல்லை டொக்டர்" என்கிறார்கள். "அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போயிட்டா" என்கிறார்கள். பெற்றோரே, நீங்கள் கோபத்தால் அப்படிச் செய்யவில்லை, அழுகையை மறைக்கத்தான் போனீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அன்று இரவு பிள்ளையைத் தனிய விடாதீர்கள். பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். புத்திமதி வேண்டாம், சிலந்திக் கதையும் வேண்டாம். பிள்ளை 'நான் இருந்தென்ன' என்ற மாதிரிக் கதைத்தால் அதை விளையாட்டாக எடுக்காமல் நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வைத்தியசாலைக்குக் கூட்டி வாருங்கள், எந்த நேரமென்றாலும் பரவாயில்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. குளிரூட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. மூன்று தரம் எழுதலாம் என்பதற்காக மூன்று தரமும் எழுதத்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் வகுப்பில் இரண்டாந்தரத்தோடு நிறுத்திக்கொண்டு விவசாய பீடத்துக்குப் போனவள் இருக்கிறாள், கைதடியில் சித்த மருத்துவம் படித்தவள் இருக்கிறாள், தாதியர் பயிற்சிக்குப் போய் இன்று நாங்கள் விடுதியில் யாருடைய சொல்லுக்குப் பயப்படுகிறோமோ அந்தப் பொறுப்புத் தாதியாக இருப்பவள் இருக்கிறாள். அவர்கள் இன்று இந்த மேடைக்கு அழைக்கப்படவில்லை. அடுத்த முறை விழாக்குழு அவர்களை அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம், கொஞ்சம் கண்டிப்பாகவே.

இனிச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் பரிசளிப்புக்குப் பணம் சேர்த்திருக்கிறது. முதற் பிள்ளைக்குக் கேடயம், மருத்துவபீடம் போகும் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம். நல்லது, எங்களில் சிலரும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இரண்டாந்தரம் எழுதும் பிள்ளைக்கு இந்த வளவுக்குள் வர ஒரு காரணமும் இல்லை. சீருடையைக் கழற்றிய அன்றோடு அவள் எங்களுடைய பிள்ளை இல்லையென்று ஆகிவிடுகிறது. வீட்டில் படிக்க மேசையில்லாத பிள்ளை இருக்கிறாள். ரியூட்டரிக் காசு இரண்டாம் ஆண்டும் கட்ட முடியாத பிள்ளை இருக்கிறாள். இந்தக் கல்லூரியின் நூலகம் சனிக்கிழமைகளில் பூட்டியிருக்கிறது.

இதை அதிபர் அவர்களிடம் முன்கூட்டியே கதைத்தோம். அவர் இணங்கியிருக்கிறார். அடுத்த மாதம் முதற் சனிக்கிழமையிலிருந்து, காலை எட்டரை மணி முதல் பின்னேரம் நான்கு மணி வரை, நூலகம் தனியார் பரீட்சார்த்திகளாகத் தோற்றும் எங்கள் பழைய மாணவிகளுக்குத் திறந்திருக்கும். மின்கட்டணத்தையும் நூலக உதவியாளரின் மேலதிக நேரக் கொடுப்பனவையும் எங்கள் வகுப்பு முதலாண்டுக்குப் பொறுப்பெடுக்கிறது. அடுத்த ஆண்டுக்கு வேறொரு வகுப்பு முன்வர வேண்டும், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களில் ஒருவராவது அங்கே இருப்போம். உயிரியலும் இரசாயனவியலும் ஓரளவு சொல்லித் தரலாம். பௌதிகவியலுக்கு, இளைப்பாறிய எங்கள் ரீச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறா. முன்வரிசையில்தான் இருக்கிறா, இனி மறுக்க முடியாது.

வரும் பிள்ளைகள் சீருடை போடத் தேவையில்லை. எத்தனையாந்தரம் என்று யாரும் கேட்க மாட்டோம். கடந்தகால வினாத்தாள்களும் சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு வாருங்கள். தேநீர் நாங்கள் தருவோம்.